மலர் வகை, மே 31 வரை

ஜனவரி 4, ஞாயிறு

இந்த வருடமாவது மாதக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஊரான் சரக்குக்கெல்லாம் பில் போட்டுக் கொடுக்கிறவன் நான். என் வீட்டு வரவு செலவை மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

காரணம் இருக்கிறது. புறவழிச்சாலைப் பக்கம் கட்டுகிற அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. ஜூனில் முன்பணம், ஜூலையிலிருந்து வங்கித் தவணை. என் சம்பளம் அதைத் தாங்குமா என்பது மாதவாரியாகத் தெரிய வேண்டும். நாற்பத்து நான்கு வயதாகிறது, கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. சொந்தமாக ஒரு கதவைச் சாத்தித் திறக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு ஆசை.

தங்கை மலர் தீபாவளிக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். கூடவே அவள் மகள் நிலா. கோவில்பட்டியில் மாப்பிள்ளையோடு ஏதோ சின்ன மனஸ்தாபம். படிப்பு கெடக்கூடாது என்று நிலாவைப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பொங்கலுக்குள் எல்லாம் சரியாகிவிடும். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் ஆள் மூக்கை நுழைக்கக் கூடாது.

ஜனவரி 7, புதன்

ஆபீசில் என் எதிர் மேஜை ஜெனோவா சின்னப் பெண்தான், ஆனால் எக்செல் அவளுக்குக் கைவந்த கலை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"மாசாமாசம் எல்லாத் தொகையையும் கையால அடிக்கப் போறீங்களா அண்ணாச்சி? அதுக்கு நீங்க பேப்பர்லயே எழுதலாமே" என்றாள்.

பிறகு சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி. அதில் ஐந்து கட்டம்: வகை, தொகை, முதல் தேதி, கடைசித் தேதி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. வலது பக்கம் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டம். அதில் ஒரே பார்முலா. இந்த மாதம் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இருந்தால், ஆரம்பித்ததிலிருந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணி, அதைத் தவணையால் வகுத்து, மீதி வராவிட்டால் தொகையைப் போடு. வந்தால் சுழியம் போடு. அவ்வளவுதான். வாடகை மாதாமாதம் விழும், கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விழும், நான் ஓட்டும் டிவிஎஸ் வண்டியின் இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு ஒருமுறை விழும். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பார்முலா போதும். கேட்கும்போதே மனதுக்கு இதமாக இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

பார்முலாவை எழுதி இழுத்தேன். டிசம்பரில் பால் செலவு நாற்பத்தாறாயிரம் என்று காட்டியது. பால் இருக்க வேண்டிய இடத்தில் என் சம்பளம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெனோவாவுக்குப் போன் போட்டேன். நகரக் கூடாத கட்டத்துக்கு முன்னால் டாலர் குறி போட்டு ஆணியடிக்க வேண்டுமாம். போட்டேன். பால் பால் இடத்துக்கு வந்தது.

அடுத்து பால், வாடகை எல்லாம் சுழியம். கடைசித் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலி என்றால் எப்போதோ முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது.

"முடியாத செலவுக்கெல்லாம் ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு போட்டு விடுங்க அண்ணாச்சி. நாம யாரும் இருந்து பாக்கப் போறதில்ல" என்றாள் ஜெனோவா.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை மலர் இறக்கிக் கட்டியிருக்கிறாள். குனிந்து போக வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை ஈரச் சட்டை முகத்தில் அடித்தது. சொன்னேன். "பழகிரும்ணே" என்றாள். இட்லிப் பானையைப் பரணிலிருந்து எடுத்துத் தரவும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

மாப்பிள்ளை வரவில்லை. போனும் இல்லை. மலர் காலையிலேயே பொங்கல் வைத்துவிட்டாள். இடது கையாலேயே கிண்டினாள்.

வருடாவருடம் பொங்கலுக்கு முன்னால் நான் கோவில்பட்டிக்குப் பொங்கப்படி கொண்டுபோவேன். கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் செய்ய வேண்டிய முறை. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, மேலே கொஞ்சம் பணம். இந்த வருடம் தங்கை இங்கேயே இருப்பதால் படியை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. பணத்தை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்தேன். "வீட்டுக்குள்ளயேவா படி குடுக்க?" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ஜனவரி 18, ஞாயிறு

எல்லா வரியும் ஏற்றியாயிற்று. வாடகை, பால், மளிகை, காஸ், கேபிள், கரண்ட், தண்ணீர் கேன், பெட்ரோல். பொங்கப்படிக்கு ஒரு வரி, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 2099 வரை. கடையில் கேட்டு விலையை வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றவும் வழி செய்துவிட்டேன்.

கடைசியாக 'மலர் வகை' என்று ஒரு வரி. நிலாவின் பள்ளி ஆட்டோ, நோட்டு, கூடுதல் மளிகை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு. கடைசித் தேதி வேண்டுமே. முழுப் பரீட்சை ஏப்ரலில் முடியும், ஒரு மாதம் முன்னேபின்னே ஆகலாம். மே 31 என்று போட்டேன். பார்முலாவுக்கு ஒரு தேதி வேண்டும், அதனால் போட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஜனவரி மாதக் கணக்கு நான் நினைத்ததற்கு முந்நூறு ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஜூலையில் தவணையையும் சேர்த்துப் பார்த்தேன். டிசம்பர் வரை ஒரு மாதம்கூடப் பற்றாக்குறை விழுந்து சிவப்பில் போகவில்லை. தாங்குகிறது! வெளியே போய் கால் கிலோ மக்ரூன் வாங்கி வந்தேன். நிலா பாதிக்கு மேல் தின்றுவிட்டாள். எதற்கு என்று மலர் கேட்டாள். சம்பள நாள் என்றேன். வீடு வாங்கும் விஷயம் அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஜூலைக் கணக்கை ஏனோ சொல்லத் தோன்றவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காய்கறிச் செலவை அவளே எழுதட்டும் என்று லேப்டாப்பைத் திறந்து மலரிடம் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போனேன். சாளை கிடைத்தது, விலையும் பரவாயில்லை. வந்து பார்த்தபோது லேப்டாப் மூடியிருந்தது. எழுதிவிட்டாயா என்று கேட்டேன். எழுதிவிட்டேன் என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

குழம்பில் உப்பு இல்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு உப்பில்லாத குழம்பு. அப்படியே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது நிலா ஓடிவந்து, "மாமா, ஞாயித்துக்கெழம அப்பா வாராங்களாம். நாங்க ஊருக்குப் போறோம்" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

உள்ளே போனேன். மலர் நிலாவின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே போன் பண்ணினாரா?"

"நான்தான் பண்ணினேன். வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

"முழுப் பரீட்சை முடியட்டுமேட்டி."

"மே மாசம் வரைக்கும் காத்துக் கெடக்கதுக்கு இப்பமே போயிரலாம்ணே. நிலா பரீட்சைய அங்கனயே எழுதிருவா."

மே என்று அவள் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது பார்முலாவுக்காகப் போட்டது, கடைசித் தேதி இல்லாவிட்டால் அது சுழியம் காட்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். டாலர் குறி வரைக்கும் சொன்னேன் என்று நினைக்கிறேன். முழுவதும் கேட்டாள்.

"பாலுக்கு ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்பது போட்டிருக்க. கேபிளுக்கும் அதேதான். எனக்குப் பொங்கப்படி கொண்டாரதுக்கும் தொண்ணூத்தொம்பது. அப்ப நான் கடைசி வரைக்கும் அங்கன இருக்கணும், நீ வருசா வருசம் கரும்பு கொண்டாரணும். நான் இங்கன இருக்கதுக்கு மட்டும் மே முப்பத்தொண்ணு."

"அது தேதி கேக்குதுட்டி."

"தேதி கேட்டிச்சி, சரி. மே மாசம்னு அதுவா சொல்லிச்சி?"



பிப்ரவரி 13, வெள்ளி

ஆபீசில் வேலையே ஓடவில்லை. ஒரு பில்லில் கப்பலின் பெயரை மாற்றிப் போட்டதை ஜெனோவாதான் கண்டுபிடித்தாள். "என்ன அண்ணாச்சி, வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டாள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்முலாவைத் திருத்தினேன். கடைசித் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் நின்றுவிடாதே, போய்க்கொண்டே இரு என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். அடைப்புக்குறி ஒன்று குறைந்து, அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். மலர் வகையில் மே 31ஐ அழித்தேன். ஜூனிலிருந்து டிசம்பர் வரை கட்டங்கள் நிரம்பின. ஆகஸ்டில் கையிருப்பு சிவப்பாயிற்று.

லேப்டாப்பைச் சமையலறைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் தோசைத் திருப்பியோடு எட்டிப் பார்த்தாள்.

"பார்முலாவ மாத்தினா ஆச்சாண்ணே?" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு. தேதி வேண்டும் என்பதற்காக மே போட்டேன் என்பது பொய். ஜூனில் முன்பணம் கட்ட வேண்டும், அதனால் மே போட்டேன். 2099 என்று அடிக்க என் கைக்குத் தெரியாதா? வாடகைக்கும் பாலுக்கும் அடித்த அதே கைதான்.

பிப்ரவரி 14, சனி

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். கொடி என் நெஞ்சுக்கு நேராகத் தொங்குகிறது, அவள் வலது கை அதற்கு மேல் எழும்பவில்லை. இத்தனை நாளாக இதற்குக் கீழே குனிந்து குனிந்து போயிருக்கிறேன்.

"அந்தக் கை என்னாச்சு மலரு?" என்று கேட்டேன்.

 நிலாவைக் கீழே போய் அடுப்பை அணைக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் நடந்தது. அந்தத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்திருந்தேன். முதல் தடவையும் இல்லையாம். போன பொங்கலுக்கு நான் படி கொண்டுபோனபோது அவள் காய்ச்சல் என்று உள்ளறையில் படுத்திருந்தாள். அது காய்ச்சல் இல்லையாம். நான் கரும்பை இறக்கி வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவர் பஸ் ஏற்றிவிட ஊருக்கு வந்தேன்.

"ஏம்ட்டி என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேண்ணே. கேட்டா செய்யணுமேன்னு பயந்துதான் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

சாப்பிடும்போது, "நாளைக்கி நீ போகாண்டாம்" என்றேன். "அவரு வந்து நிப்பாரு. அவரு முன்னால நீ இத சொல்லுவியா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. பையும் மூலையில் கட்டியபடியே இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். ஒரு கிலோ ஆப்பிள், நிலாவுக்கு ஒரு பொம்மை. எப்போதும் போலச் சிரித்த முகம். "என்ன மச்சான், மெலிஞ்சு போயிட்டீங்க" என்றார். நானும் வழக்கம்போல "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். பழக்கம் விடுவதில்லை.

மலர் அடுக்களை வாசலில் நின்றாள். நிலாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

காபி வந்தது. குடித்தார். "கெளம்புவமா? பொழுதோட போயிரலாம்" என்றார்.

 மானேஜர் முன்னால்கூட உரக்கப் பேசாதவன் நான். "மலர் வரமாட்டா மாப்ளே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"அவதான போன் பண்ணி வரச் சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் மலர். "இப்பம் வரல."

அவர் சிரிப்பு மாறவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க நல்ல மனுசன் மச்சான், அதனால கேக்கேன். புருசன விட்டுட்டு வந்தவள எத்தன நாளைக்கு வச்சிச் சோறு போடுவீங்க? ஒரு மாசமா, ஒரு வருசமா? எதுக்கும் ஒரு கணக்கு வேணும்லா?"

"கணக்கெல்லாம் போட்டுப் பாத்தாச்சு மாப்ளே. அதுல கடைசித் தேதி கெடையாது."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, மலருக்கும் புரிந்தது. அதற்கப்புறம் பேசுவது சுலபமாகிவிட்டது. "அவ கையப் பத்திப் பேசணும்னா இருங்க, பேசுவோம். தெருவுல நாலு பேரக் கூப்பிட்டு வச்சே பேசுவோம். இல்லைன்னா பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்கு" என்றேன்.

 அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். கேட்டை அறைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். 

மலர் பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். ஆப்பிளைத் தின்னலாமா என்று நிலா கேட்டாள். தின்னு என்றேன். ஆப்பிள் என்ன பாவம் செய்தது.

பிப்ரவரி 16, திங்கள்

கட்டிட ஆபீசுக்குப் போன் செய்து, அந்த மூன்றாவது மாடி வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். "நல்லா யோசிச்சுக்கோங்க சார்" என்றார்கள். வருத்தம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். சாயங்காலம் அந்தப் பக்கமாக வண்டியில் வர மனம் இல்லாமல் சுற்றி வந்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஜெனோவா சொன்ன எலும்பு டாக்டரிடம் மலரைக் கூட்டிப்போனேன். எலும்பு சரியாகச் சேரவில்லை, பயிற்சி செய்தால் கை மேலே போகும், கொஞ்சம் காலமாகும் என்றார். வாரம் இரண்டு தடவை வர வேண்டும். வக்கீல் ஒருவரையும் பார்க்க வேண்டும் என்று மலரே சொன்னாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மலரின் கைக்கான டாக்டர் செலவுக்கு ஒரு வரி சேர்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். மலர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் நின்றாள். மலர் வகை, ஆறாயிரத்து ஐந்நூறு, கடைசித் தேதி காலி.

"தேதிய எடுத்துட்ட, சரி. இதுல உன் வரி எங்கண்ணே?" என்று கேட்டாள்.

"என் வரின்னா?"

"உன் பேரப் போட்டு தவசிக்கனி வகைன்னு ஒண்ணு இருக்கணும்லா. நீ திங்க சோறு, உன் பெட்ரோலு, உன் சட்டைத் துணி. அதெல்லாம் எங்க?"

"பெட்ரோல் தனியா இருக்கு. சோறு மளிகைல வந்துரும். எனக்கு எதுக்குட்டி தனி வரி? நான் வீட்டு ஆளு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.  மலர் முறத்தைப் பார்த்துக் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மலர் வகை என்ற வரியை முழுதாக அழித்தேன். மளிகையைக் கூட்டினேன், பாலைக் கூட்டினேன். பள்ளி ஆட்டோவுக்குப் பெட்ரோலுக்குக் கீழே இடம் கொடுத்தேன். மொத்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.